பொட்டு வேறு, துடக்கு வேறு

மகள்,

நேற்று உன் பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்தது. வீடு கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஐயர் வந்து போய், பிள்ளையின் தலைமயிரை வழித்தபோது அவள் கத்திய கத்தலில் கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எழும்பி வந்து வேலியால் எட்டிப் பார்த்தார்கள். இந்தக் கரையில் இத்தனை பலமான தொண்டையோடு ஒரு பிள்ளை பிறந்ததாக எனக்கு ஞாபகமில்லை. எனக்கு ஞாபகமில்லை என்றால் அப்படி ஒன்று நடக்கவில்லை என்றுதான் அர்த்தம். நாளைக் காலையில் மருமகன் வான் வண்டி கொண்டுவருவார். கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கந்தளாய்க்கு பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தவருக்கு இப்போது அங்கேயே குவாட்டர்ஸ் கிடைத்திருக்கிறது. ஒரு மணித்தியாலத் தூரம்தான். ஆனாலும் நீ பிறந்ததிலிருந்து இந்த வீட்டைவிட்டுப் போவது இதுதான் முதல் தடவை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழைக்கு நீ சிரிப்பாய், சிரி. வாயால் சொல்லத் தொடங்கினால் "அதை விடுங்கோ அம்மா" என்பாய். எனக்கு விட ஏலாது. எதை நான் விட்டிருக்கிறேன்? இதை நீ மடித்து ஒளித்து வைக்கவும் தேவையில்லை. சந்தைக்குப் போனால், கோயிலுக்குப் போனால், ஒவ்வொருத்தியும் என்னை ஒதுக்குப்புறமாக இழுத்து "எந்தக் கோயிலில் நேர்ந்தனீங்கள்?" என்று கேட்கிறாள். எல்லாருக்கும் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன் என்று உன்னிடம் கேட்டபோது, "எழுதுங்கோ, பேரைப் போடாமல் எழுதுங்கோ" என்று நீயே சொன்னாய். போடவில்லை. உன் பெயருமில்லை, என் பெயருமில்லை. மற்றதெல்லாம் இருக்கும்.

முதலில் நான் கலியாணம் முடித்த புதிதில் நடந்ததைச் சொல்ல வேண்டும். உனக்கு இதைப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். உன் அப்பாவுக்கு அப்போது சொந்த வள்ளம் இல்லை. அவருடைய தாயின் வீட்டு வள்ளம், தாயின் வீட்டு வலை. ஒரு நாள் காலையில் அந்த வலையை வெயிலில் விரிக்க நானும் ஒரு பக்கம் பிடித்தேன். அன்று மத்தியானம் சீலையில் ஒரு பொட்டு இரத்தம் கண்டேன். மாதத் தீட்டு, அதாவது துடக்கு, நல்லாப் பட்டது அதற்கு இரண்டு நாள் பிந்தித்தான். அந்தக் கிழமையும் அடுத்த கிழமையும் வலையின் மடியில் மீனில்லை. பதினொரு நாள். மாமி துருவித் துருவிக் கேட்டு, நான் ஒளிக்காமல் சொன்னதை எடுத்துக்கொண்டு கரையில் நின்று, ஆண்கள் எல்லாரும் கேட்கச் சொன்னா, துடக்குக்காரி வலையில் கை வைத்தாள், அதுதான் மடி வெறுமையாக வருகிறது என்று. நான் சொன்னேன், "மாமி, அண்டைக்கு அது துடக்கில்லை, ஒரு பொட்டுத்தான்." அவ திரும்பிப் பார்த்தா. "பொட்டென்ன துடக்கென்ன, எல்லாம் ஒண்டுதான்." அப்பா பக்கத்தில் நின்று கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். பச்சை நைலோன் கயிறு. சுற்றி முடித்த கயிற்றை அவிழ்த்து மறுபடியும் சுற்றினார். மாமி செத்து இத்தனை வருசம். அவவின் அந்தியேட்டிச் சடங்குக்கு நாற்பது பேருக்குச் சமைத்தவள் நான். சமைத்தேன், மன்னிக்கவில்லை. கயிற்றையும் மன்னிக்கவில்லை.

நீ பெரியபிள்ளையானதும் என் மகளை ஒருத்தரும் அப்படிச் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். அதனால் ஊரில் யாரும் வைக்காத கட்டுப்பாட்டை உனக்கு வைத்தேன். மற்ற வீடுகளில் நல்லாப் பட்டால்தான் துடக்கு என்பார்கள். நான் உனக்கு ஊசிமுனை அளவு கண்டாலும் அதுதான் முதலாம் நாள் என்று சொல்லித்தந்தேன். கண்ட உடனே சொல்ல வேண்டும். சாமியறைக்குள் கால் வைக்கக் கூடாது, விளக்குத் தொடக் கூடாது, வலை மிதிக்கக் கூடாது, வள்ளத்துப் பக்கம் போகவே கூடாது. உனக்குப் பதின்மூன்று வயது. சாமியறைப் படியில் நின்று, "அம்மா, இது சும்மா ஒரு பொட்டுத்தானே" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? பொட்டென்ன துடக்கென்ன, எல்லாம் ஒண்டுதான். அப்போது எனக்கு அது யாருடைய சொல் என்று உறைக்கவில்லை. ஒன்றையும் மறக்காத நான் அதை மட்டும் மறந்திருந்தேன். என் எதிரியின் சொல்லை என் வாயாலேயே என் பிள்ளைக்குச் சோறு போல ஊட்டியிருக்கிறேன்.

நீ கெட்டிக்காரி. சொன்னதைச் சொன்னபடி செய்தாய். போன் வந்த பிறகு திகதியைப் போனிலும் எழுதினாய். ஒவ்வொரு மாதமும் முதற்பொட்டைத்தான் எழுதினாய். கலியாணம் முடிந்து இரண்டு வருசம் பிள்ளை தங்கவில்லை. அந்த நேரத்தில்தான் உன் மச்சாளின் மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்திய வீடு நடந்தது. நீ ஊதா நிறச் சீலை. ஆலாத்தித் தட்டு உன் கையில் இருந்தது. மருமகனின் தமக்கை என்ற உரிமையில் அவள் எல்லாருக்கும் முன்னால் வந்து, "நீ இரு பிள்ளை, பிள்ளைப் பாக்கியம் உள்ள ஆக்கள் பிடிக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே தட்டை வாங்கினாள். தட்டில் மூன்று வாழைப்பழத் துண்டு, மூன்று திரி. வாங்கிய வேகத்தில் ஒரு திரி அணைந்தது. நீ வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தாய். உன் கை இரண்டும் தட்டுப் பிடித்த மாதிரியே மடியில் கிடந்தன. அன்றைக்கு அங்கே நான் சோறு தின்னவில்லை. பயற்றம் பணியாரம் கட்டித் தந்தார்கள், அதைச் சாம்பல்தீவுப் பாலத்தில் வைத்து நாய்க்குப் போட்டேன். அடுத்த நாளே சொன்னேன், டொக்டரிடம் போவோம் என்று.

டவுனில் ஒரு இடம், பெயர் எதற்கு? சனிக்கிழமைகளில் வெளியூரிலிருந்து ஒரு பெண் டொக்டர் வருவார். டொக்டரில் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் வாசலில் நம்பர்த் துண்டு கொடுக்கிற ஒருத்தி இருந்தாள், முன்பல்லில் இடைவெளி உள்ளவள். "பிள்ளை இல்லாத ஆக்கள் இந்த வாங்கில இருங்கோ" என்று சுவரோரப் பலகை வாங்கைக் காட்டி ஏலம் கூறுகிற குரலில் சொன்னாள். அவளையும் குறித்து வைத்தேன். மருமகனைப் பற்றி ஒரு நல்ல சொல் இந்த இடத்தில் எழுத வேண்டும். டொக்டர் அவருக்கும் சோதனை எழுதியபோது முகம் சுளிக்காமல் முதல் ஆளாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அவரில் பிழையில்லை. உன்னைக் கேட்டார்கள், கடைசியாக மாதவிலக்கு எப்போது வந்தது என்று. ஆஸ்பத்திரித் தாளில் அதற்கு அந்தப் பெயர். நீ போனைப் பார்த்துத் திகதி சொன்னாய். எத்தனை நாள் இருக்கும்? எட்டு நாள் என்றாய். எழுதிக்கொண்டார்கள். வந்த இரண்டாம் நாளிலிருந்து இந்தக் குளிசை, பன்னிரண்டாம் நாள் ஸ்கான், இருபத்தோராம் நாள் இரத்தச் சோதனை என்று தாள் தந்தார்கள். நீ ஒரு நாள் பிசகவில்லை. பன்னிரண்டாம் நாள் போனால் முட்டை முதிரவில்லை என்றார்கள். இருபத்தோராம் நாள் இரத்தம் கொடுத்தால் ஏதோ ஒன்று குறைவு என்றார்கள். குளிசையைக் கூட்டினார்கள். உனக்குத் தலையிடி, வயிறு ஊதல், மூஞ்சி வீக்கம். இப்படி ஒரு வருசம்.

பிறகு, மருமகனின் விந்தணுவைச் சுத்தம் செய்து, முட்டை முதிர்ந்த நாளில் உள்ளே வைக்கிற சிகிச்சை செய்யலாம் என்றார்கள். செய்தார்கள். அதற்குப் பிறகு கர்ப்பப்பையைத் தாங்குகிற குளிசை. அன்றிலிருந்து பதினாலாம் நாள் இரத்தம் சோதிக்க வா என்றார்கள். பதினோராம் நாள் வரைக்கும் நீ கனவில் நடப்பவள் போல மெல்ல மெல்ல நடந்தாய். பன்னிரண்டாம் நாள் காலையில் குசினி வாசலில் வந்து நின்றாய். ஒரு பொட்டு, கபில நிறம் என்றாய். நான் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வந்திட்டுதென்றால் வந்திட்டுதுதான், இனி அந்தக் குளிசை எதற்கு, போய் ஒதுங்கி இரு என்றேன். நீ குளிசையை நிறுத்தினாய். இரத்தச் சோதனைக்கும் போகவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் நல்லாப் பட்டது.

மகள், இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

பிறகொரு நாள், எல்லாம் விளங்கிய பிறகு, உனக்குத் தெரியாமல் டொக்டரிடம் அதைக் கேட்டேன். அந்த முதல் தடவை நான் குளிசையை நிறுத்தச் சொல்லாமல் விட்டிருந்தால்? அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அது பெரும்பாலும் சரிவந்திருக்காது அம்மா, உங்களால் வந்த வினை என்று நினைக்க வேண்டாம் என்றார். நல்ல மனுசி. ஆனால் நான் ஞாபகக்காரி. அவர் சொன்னதில் எனக்குப் படிந்து கிடப்பது "பெரும்பாலும்" என்ற சொல்தான். ஊரில் பத்துப் பேரில் எனக்குக் கோபம் உண்டு; பதினோராவது ஆளில்தான் எல்லாரையும்விடப் பெரிய கோபம், அந்த ஆள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள்.

இனி நஸீமாவைச் சொல்கிறேன். கிண்ணியாப் பிள்ளை, உன் வயதுதான், அந்த இடத்துக்குப் புதிதாக வந்த நேர்ஸ். நாங்கள் திரும்பப் போன சனிக்கிழமை உன் போன் கரையில் விழுந்து தண்ணீர் போய்ச் செத்துக் கிடந்தது. நஸீமா பழைய தாள்களை வைத்துக்கொண்டு, கடைசி மூன்று மாதத் திகதியும் வேண்டும் என்றாள். நீ முழித்தாய். நான் சொன்னேன், எழுது பிள்ளை, நான் சொல்கிறேன் என்று. தை மாதம், அப்பா ஒரு பெரிய பாரை கொண்டுவந்த வெள்ளிக்கிழமை முதற்பொட்டு. திங்கட்கிழமை வெந்தயக் கஞ்சி வைத்தேன். மாசியில், கோணேசர் நகர்வலம் வந்த கிழமை, புதன் முதற்பொட்டு, ஞாயிறு கஞ்சி. பங்குனியில், மேல்வீட்டு மாடு கன்று போட்ட அன்று பொட்டு. மூன்று நாள் கழித்துக் கஞ்சி. நஸீமாவின் பேனை நின்றுவிட்டது.

"அம்மா, கொஞ்சம் நில்லுங்க. அதென்ன கஞ்சி?"

"வயித்துக்குத்து வாற அண்டைக்கு வெந்தயக் கஞ்சி குடுப்பன். நல்லாப் படுற நாள்தான் குத்தும்."

"அப்ப அதுக்கு முதல் மூணு நாலு நாள்?"

"அது பொட்டு. ஆனால் துடக்குத்தானே."

அவள் உன் பக்கம் திரும்பினாள். நீங்கள் இவ்வளவு காலமும் எங்களுக்குச் சொன்னது பொட்டு நாளா, கஞ்சி நாளா என்று கேட்டாள். நீ பொட்டு நாள் என்றாய். நஸீமா கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழும்பினாள். எழும்பினவள் மறுபடி இருந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள். "எங்கட ஆக்கள்ல உம்மாமார் இதுக்கு ரெண்டு பேர் சொல்லித் தருவாங்க. எந்த இரத்தத்துக்குத் தொழுகை இல்ல, எதுக்கு இருக்கு எண்டு பாக்கிறதுக்கு. உங்களிட்ட ரெண்டாவது பேர் இல்லையா?" அப்போதுதான், மகள், அந்தக் கரையும் அந்தப் பச்சைக் கயிறும் என் கண்ணுக்கு முன்னால் வந்தன. இருந்தது. எங்களிடமும் ரெண்டாவது பெயர் இருந்தது. நான் புதுப்பெண்ணாய் நின்று அதைச் சொன்னேன், ஒரு பொட்டுத்தான் என்று. அதை என் வாயிலிருந்து அடித்து விரட்டினார்கள். உன் வாயிலிருந்து நான் அடித்து விரட்டினேன்.

டொக்டர் கலண்டரை மேசையில் விரித்து, கஞ்சி நாளையே முதலாம் நாளாக வைத்துப் பழைய தாள் எல்லாவற்றையும் திருப்பி எண்ணினார். உன் முட்டை பிந்தி முதிரவில்லை. நாங்கள் முந்தி எண்ணினோம். இருபத்தோராம் நாள் என்று கொடுத்த இரத்தம் பதினேழாம், பதினெட்டாம் நாள் இரத்தம். அதில் குறைவாகத்தான் இருக்கும். எட்டு நாள் போகிறது என்று எழுதியதும் பிழை. "ஏன் முதலே சொல்லேல்ல?" என்று அவர் கேட்கவில்லை, "நாங்கள் ஏன் முதலே இப்படிக் கேட்கேல்ல?" என்று தன்னைத்தான் கேட்டார். அதனால்தான் அவரில் எனக்குக் கோபமில்லை. அந்தப் பொட்டு ஏன் வருகிறது என்று பார்க்க, ஸ்கான் செய்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், உள்ளே கமரா விட்டும் பார்த்தார்கள். கட்டியில்லை, சதை வளர்ச்சி இல்லை, புண்ணில்லை. கடைசியில், எனக்குக் காரணம் தெரியவில்லை அம்மா, சில பேருக்கு இப்படி வரும் என்றார். அவ்வளவு படித்த வாய் எனக்குத் தெரியவில்லை என்று சொன்னது எனக்குப் பிடித்தது. மாமிக்கு எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்திருந்தது. டொக்டர் எங்கள் இருவருக்கும் ஒரு சட்டம் போட்டார். பொட்டுக் கண்டால் எங்களுக்குச் சொல்லுங்கள், ஆனால் எண்ணாதீர்கள். சிகிச்சை செய்த மாதத்தில் பொட்டு வந்தாலும் நாங்கள் சொல்லாமல் குளிசையை நிறுத்தக் கூடாது. இரத்தச் சோதனைக்கு வந்தே ஆக வேண்டும்.

இரண்டாம் தடவையும் சரிவரவில்லை. பொட்டும் வந்தது, குளிசையும் நிறுத்தாமல் போட்டாய், இரத்தமும் கொடுத்தோம், இல்லை என்றார்கள், அடுத்த நாள் கஞ்சி வைத்தேன். நீ கோப்பையைப் பிடித்துக்கொண்டு கஞ்சிக்குள் அழுதாய். ஆனால் எனக்கு அதில் ஒரு ஆறுதல் இருந்தது, இப்போது சொல்லலாம். அந்த முறை நாங்கள் ஒழுங்காகத் தோற்றோம். பெரும்பாலும் என்ற சொல் அதில் இல்லை.

மூன்றாம் தடவை. பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். நான் பூ ஆய்ந்துகொண்டு வந்தேன். நீ கிணற்றடிக் கதிரையில் போய் ஒதுங்கி இருந்தாய். பதின்மூன்று வயதிலிருந்து நான் உன்னை இருத்திய அதே இடம். கேட்கத் தேவையில்லை. அப்பா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கடலுக்குப் போகப் படலையடியில் நின்றவர், உன்னைக் கண்டு நின்றுவிட்டார்.

"எழும்பு பிள்ளை," என்றேன்.

"வந்திட்டுது அம்மா."

"நல்லாப் பட்டதோ?"

"இல்லை. பொட்டு. ஆனால் எல்லாம் ஒண்டுதானே."

உன் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் உன்மேல் இல்லை. கடலில் கரைத்த மாமியின் சாம்பலை எழுப்பிச் சண்டை பிடிக்கலாம் போல இருந்தது. உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். சாமியறைப் படியில் நீ காலை ஊன்றிக்கொண்டு நின்றாய், மாடு நிற்பது போல. "ஏலாது அம்மா, குற்றம்" என்றாய். நான் நெருப்புப் பெட்டியை உன் உள்ளங்கையில் வைத்து விரலை மூடினேன்.

"பொட்டு வேற, துடக்கு வேற. நான் உனக்குப் பிழையாச் சொல்லித் தந்தனான். விளக்கைக் கொளுத்து."

உன் கையில் இரண்டு குச்சி முறிந்தது. மூன்றாவது பிடித்தது. அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அவவைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். திரும்பினால் அப்பா வலையோடு சாமியறை வாசலில் நிற்கிறார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தேன், மகள். நாற்பது வருசமாகக் காத்திருந்தேன் என்று வைத்துக்கொள். அவர் என்னைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்துச் சொன்னார்.

"வா பிள்ளை, வந்து வள்ளத்தை ஒருக்காத் தொட்டுவிடு. பிறகு இறக்குவம்."

நீ நினைத்திருப்பாய், அப்பா உன்னைத் தேற்றச் சொன்னார் என்று. இல்லை. அவர் எனக்குத்தான் சொன்னார். கரையில் அவ்வளவு பேர் நிற்க, நீ போய் வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் கை வைத்தாய். எனக்கு மறைக்கத் தெரியவில்லை, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அடுத்த நாள் விடிய வள்ளம் வந்தது. ஒரு கூடை சாளையும் இரண்டு நண்டும். எஞ்சின் எண்ணெய்ச் செலவுக்கும் காணாது. பக்கத்து வள்ளக்காரன் கேட்டான், என்ன அண்ணை வெறுமையா வாறியள் என்று. நான் வேலிக்குள் நின்று காதைத் தீட்டினேன். அப்பா நங்கூரத்தை இறக்கிக்கொண்டே, "காத்துப் பிழை" என்றார். கச்சான் காற்று அன்று கோயில் கொடி போல நேராக, ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பச்சைக் கயிற்றின் கதையை நான் அன்றைக்குத்தான் முடித்தேன். அவரிடம் சொல்லவில்லை. ஒரு நண்டை அவருக்கென்று தனியாகக் குழம்பு வைத்தேன்.

ஞாயிறு இரத்தம் கொடுத்தோம். திங்கட்கிழமை பத்து மணிக்கு நஸீமா எங்களுக்குப் போன் எடுத்தாள். நீ போனை என் பக்கம் தள்ளிவிட்டாய். நான்தான் காதில் வைத்தேன். அவள் தாளில் இருந்த இலக்கம் ஒன்று சொன்னாள், எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்றதும் அந்தப் பிள்ளை எங்கள் பாசையில் சொன்னாள்.

"அம்மா, இந்த மாசம் கஞ்சி வைக்க வேணாம்."

நான் உன்னைப் பார்த்து, என் தாய் எனக்குச் சொன்ன அதே சொல்லைச் சொன்னேன், நீ முழுகாமல் இருக்கிறாய் என்று. துடக்கு முழுக்கு வராமல் நின்றவளுக்கு எங்கள் ஊர் கொடுத்த பெயர் அது. இத்தனை வருசமும் நீ முழுகின ஒவ்வொரு முழுக்கும் எனக்குத் தெரியும். அதனால் அந்தச் சொல்லை என்னைப் போல உரத்துச் சொன்னவள் இந்தக் கரையில் இருக்க மாட்டாள். நெத்தலி காய வைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். திரும்பட்டும் என்றுதான் சொன்னேன். அதற்குப் பிறகு மூன்றாம் மாதம் வரைக்கும் இடைக்கிடை பொட்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் நீ வெளிறிப் போவாய், நான் நஸீமாவுக்குப் போன் எடுப்பேன், ஓட்டோவில் ஏறிப் போவோம், ஸ்கானில் வயிற்றுப் பிள்ளையின் நெஞ்சு அடிக்கிறதைக் காட்டுவார்கள். ஐந்தாம் மாதம் அங்கே போனபோது, முன்பல்லில் இடைவெளி உள்ளவள் எங்களைப் பார்க்காமலே அதே வாங்கைக் கையால் காட்டினாள். நான் உன்னை நடுவழியால் நடத்திக்கொண்டு போய், வயிற்றுக்காரர் இருக்கிற வாங்கில் இருத்திவிட்டு, அவளுக்கு முன்னால் போய் நின்று, "துண்டு தா பிள்ளை" என்றேன். அவ்வளவும் போதும்.

நேற்று உன் மச்சாளும் வந்தாள். பிள்ளைக்கு மோதிரம் போட்டாள், நல்ல மோதிரம்தான். அவளுக்கு இருக்கிறதிலேயே நல்ல கதிரை போட்டு, பூப் போட்ட கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள், "எந்தக் கோயில் மாமி?" நாள் எண்ணத் தெரியாமல் இருந்தோம் பிள்ளை, எண்ணப் பழகினோம் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. ஐயர் ஆலாத்தி எடுக்கச் சொன்னபோது தட்டைக் கொண்டுவந்து நேரே அவள் கையில் கொடுத்தேன். நீயும் என்னைப் பார்த்தாய். "நீ பிடி பிள்ளை, இவளுக்கு நீதான் சுத்த வேணும்" என்றேன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நீ இருக்க, தட்டோடு அவள் உனக்கு முன்னால் குனிந்து மூன்று தரம் சுற்றினாள். மூன்று திரியும் அணையாமல் எரிந்தன. நான் அவளை மன்னித்துவிட்டேன் என்று ஊர் கதைக்கிறது. ஊருக்கு என்ன தெரியும்.

உன்னை அந்த முதல் தடவை திரும்பிப் பார்க்காமல் அனுப்பியதற்கு நான் இன்னும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். உடனே மன்னிக்க வேண்டாம். நீ என் மகள், கொஞ்சக் காலம் வைத்திரு. ஆனால் ஒன்று செய். உன் பிள்ளை பெரியவளாகி, ஒரு நாள் குசினி வாசலில் வந்து நின்று ஏதாவது சொன்னால், திருவலையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார். எத்தனை நாள், என்ன நிறம், எப்போது குத்தியது என்று எல்லாவற்றையும் கேள். இரண்டு பெயரையும் அவளுக்குச் சொல்லிக்கொடு. அதற்குமேல் அவளுக்கு உடம்பில் ஒரு வருத்தம் என்றால் கோயிலுக்குப் போவது போல டொக்டரிடமும் போ, போகும்போது ஒரு நாளையும் ஒளிக்காமல் கொண்டுபோ. எனக்குத் தெரிந்த புத்தி அவ்வளவுதான். வெந்தயம் ஒரு கிலோ வறுத்துப் போத்தலில் அடைத்து உன் பைக்குள் வைத்திருக்கிறேன். இப்போதைக்கு அது பால் சுரக்கிறதுக்கு.

நாளைக்கு வான் வந்து நின்றதும் ஓடி ஏறாதே. வள்ளம் கரையில்தான் நிற்கும். உங்களை அனுப்பிவிட்டுத்தான் இறக்குவேன் என்று அப்பா சொல்லிவிட்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வா. நீயும் தொடு, அவளுடைய கையையும் விரித்து அணியத்தில் வை. எல்லாரும் பார்க்கட்டும். மீன் பட்டால் உங்கள் கையால் பட்டது. படாவிட்டால் காற்றுப் பிழை.

அம்மா